துணைவர் விசாவில் ஒரு மாஸ்டர்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நானும் குட்டியும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். உன் உடம்பும் மாமாவின் உடம்பும் எப்படி இருக்கின்றன? போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்ற ஒரே வார்த்தையை வைத்து நான் வருடத்தையே ஓட்டிவிடுவேன், கடிதம்தான் எழுத வேண்டும் என்று விமான நிலையத்தில் சத்தியம் வாங்கினாய். இதோ எழுதிவிட்டேன்.

வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஓர் அறை, ஒரு சமையலறை, கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும் ஒரு குளியலறை. நீ என் மனைவியை "சிஸ்டர்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அதுவே வாயில் வருகிறது. எட்டு மாதம் இங்கே தனியாக இருந்திருக்கிறாள். நோயாளிகளின் வீடுகளுக்கே போய் மருந்து கட்டும் வேலை. நடுவில் எப்படி நேரம் கிடைத்ததோ, எங்களுக்காகத் திரைச்சீலை தைத்து மாட்டி வைத்திருக்கிறாள். வேலைக்காக ஒரு பழைய கார் வாங்கியிருக்கிறாள். அதில்தான் எங்களை அழைத்து வந்தாள். ஸ்டியரிங்கில் அவள், பக்கத்தில் நான். என் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. நம் டிரைவிங் ஸ்கூல் காரில் இருப்பதுபோல இங்கே பக்கத்து சீட்டில் பிரேக் இல்லை, வெறும் மிதியடிதான்.

என் விசாவில் "துணைவர்" என்று போட்டிருக்கிறது. வேலை பார்க்கலாம் என்று கீழே ஒரு வரி. நம் லைசென்ஸ் இங்கே செல்லாது. எழுத்துத் தேர்வு ஒன்று, ஓட்டிக் காட்டும் டெஸ்ட் ஒன்று. ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? ஒரு மாதத்தில் முடித்துவிட்டு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜூலை 14

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் இருவரும் சுகம். குட்டி புது இடத்தில் சரியாகச் சாப்பிடுகிறாளா? சிஸ்டர் நேரத்துக்குத் தூங்குகிறாளா? நீ நன்றாகத்தான் சாப்பிடுவாய், உன்னைக் கேட்கவில்லை.

ஸ்கூல் நடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் "மாஸ்டர் எப்ப வருவார்?" என்கிறார்கள். "அப்ப நான் யாரு, கார் துடைக்கிறவளா?" என்று கேட்டுவிட்டேன். அதற்கப்புறம் என்னையும் மாஸ்டர் என்கிறார்கள். உன் சீட்டில் இதுவரை யாரையும் போடவில்லை.

தெருவில் ஒருவர் உன் மாமாவை நிறுத்தி, "மச்சான் பொண்டாட்டி பின்னாடியே போயிட்டாராமே" என்றாராம். "ஆமாங்க, முன்னாடி போறவங்களுக்கு வழி தெரியுது, அதான்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். உன் மாமா வாயிலிருந்து வருடத்துக்கு ஒன்றுதான் இப்படி வரும்.

டெஸ்ட் என்ன ஆயிற்று? ஒரு மாதம் என்றாயே.

அக்கா


ஆகஸ்ட் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். குட்டி பள்ளிக்கூடம் போகிறாள். காலையில் நான்தான் கூட்டிப் போய் விடுகிறேன், சமையலும் நான்தான். சிரிக்காதே, நன்றாகவே செய்கிறேன்.

எழுத்துத் தேர்வு பாஸ். அடுத்த வாரம் ஓட்டிக் காட்ட வேண்டும்.

வேலை தேடித்தரும் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பல் டாக்டர், பின்னால் ஒரு பாங்க் மேனேஜர். எல்லோரும் என்னைப்போல யாரோ ஒருவருடைய துணைவர்தான். அங்கே யாரும் "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டுக்கொள்வதில்லை. "என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். பல் டாக்டர் மறுபடி முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டுமாம். அதுவரை ஒரு பேக்கரியில் நிற்கிறார். அதைக் கூச்சமில்லாமல் சொன்னார், எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

உள்ளே இருந்த பெண்மணி மரியாதையாக உட்காரவைத்து விசாரித்தார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன் என்றேன். நல்ல தொழில் என்று கம்ப்யூட்டரில் தேடினார். அதற்கு இந்த நாட்டு லைசென்ஸ் சில வருடம் கையில் இருக்க வேண்டும், பிறகு தனியாக ஒரு படிப்பு. சரி, பஸ் ஓட்டலாமா என்றேன். லைசென்ஸ் வேண்டும். சாமான் கொண்டுபோகும் வேன்? லைசென்ஸும் வேண்டும், அனுபவமும் வேண்டும். அனுபவம் இருக்கிறதே என்றேன். "இங்கேயா?" என்று கேட்டார். கெட்ட மனதோடு கேட்கவில்லை.

எப்படியும் அடுத்த வாரம் லைசென்ஸ் வந்துவிடும். வந்ததும் எழுதுகிறேன்.

உன் தம்பி


அக்டோபர் 20

அன்புத் தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கு எல்லோரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நானே எழுதிக்கொள்கிறேன், நீதான் எழுதவில்லையே.

வெயில் தாங்கவில்லை என்று மாலை வகுப்புகளைக் குறைத்துவிட்டேன். மற்றபடி சொல்வதற்கு ஒன்றும் இல்லை. போன வாரம் ஒருவர் ரிவர்ஸ் கியர் போட்டுவிட்டு முன்னால் பார்த்தே ஓட்டினார். ஏன் என்று கேட்டால், "பின்னாடி பாத்தா பயமா இருக்கு மாஸ்டர்" என்றார். சொன்னால் நீ சிரிப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

போனில் குட்டிதான் எடுக்கிறாள். அப்பா தூங்குறாங்க என்கிறாள். பகலிலா தூங்குகிறாய்? இரண்டு வரியாவது எழுது.

அக்கா


நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகமே. தாமதத்துக்கு மன்னிக்கவும். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. குட்டி இந்த ஊர் பாஷையைப் பொரிகடலை மாதிரி பேசுகிறாள். நான் கடையில் பேசினால் பின்னால் நின்று திருத்துகிறாள்.

எனக்கு ஒரு பஸ் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. சாயங்காலம் போய் இரவு வருகிறேன். கூட வேலை பார்ப்பவர்கள் நல்லவர்கள்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


நவம்பர் 27

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் கோடி ஆசிகள். உடம்பு எல்லோருக்கும் சௌக்கியம், இன்றைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சௌக்கியம்.

பஸ் ஓட்டுகிறாய். அடுத்தவன் நாட்டில் போய், அடுத்தவன் பாஷையில் பரீட்சை எழுதி, அத்தனை பெரிய வண்டியை எடுத்து ஓட்டுகிறாய். நான் உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடியே படித்தேன், அடுப்பில் இருந்தது தீய்ந்துவிட்டது. உன் மாமா தெருவில் ஒரு வீடு விடவில்லை. டீக்கடையில் கேட்டவருக்கும் சொல்லியாகிவிட்டது, கேட்காதவருக்கும் சொல்லியாகிவிட்டது. ஸ்கூலில் மாணவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

யூனிஃபார்ம் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பு.

அக்கா


டிசம்பர் 15

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

அவர் பஸ் ஓட்டவில்லை, அண்ணி. டிப்போவில் பஸ் கழுவுகிறார். வண்டிகள் திரும்பி வந்ததும் உள்ளே ஏறிக் குப்பை அள்ளி, சீட் துடைத்து, தரை தேய்க்கும் வேலை. அந்த வேலையில் குறையொன்றும் இல்லை. வந்த புதிதில் நானும் இங்கே என்னென்னவோ துடைத்தேன். ஆனால் கையை என்னிடம் காட்ட மாட்டேன் என்கிறார். நான் நர்ஸ். மருந்துத் தண்ணீரில் வெடித்த கை எனக்குத் தெரியாதா?

டெஸ்டில் இரண்டு முறை ஃபெயிலாகிவிட்டார். முதல் தடவை, வளைவில் ஒரு பெரியவர் வந்தார் என்று மரியாதையாக ஹார்ன் அடித்தாராம். இங்கே ஹார்ன் அடித்தால் திட்டியதாக அர்த்தம். பக்கக் கண்ணாடியை மட்டும் பார்த்தார், கழுத்தைத் திருப்பவில்லை. அதையெல்லாம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். இரண்டாம் தடவை வந்து, "ரொம்ப மெதுவா போறேனாம், தயங்குறேனாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார். தயங்குகிறார் என்று அவரைச் சொல்லிவிட்டார்கள். நான் முதல் தடவையே பாஸானேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தானே. அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "மாமா ஊரெல்லாம் சொல்லிட்டாராம்" என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் முறை டெஸ்டுக்கு எழுதிப் போடச் சொன்னால், பார்க்கலாம் என்கிறார்.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் அவரைக் கூப்பிடுங்கள். ஸ்கூலுக்கு ஆள் வேண்டும், கிளம்பி வா என்று எழுதுங்கள். நான் போங்கள் என்று சொன்னால் தோற்றுப் போவதாக நினைப்பார். நீங்கள் கூப்பிட்டால் தலை நிமிர்ந்து வருவார். நானும் குட்டியும் சமாளித்துக்கொள்வோம். தனியாக இருந்து பழகியவள்தானே நான்.

உங்கள் தம்பி மனைவி


ஜனவரி 4

என் அன்பு சிஸ்டருக்கு,

அண்ணியின் ஆசிகள். உன் கடிதத்தை உன் அண்ணனிடம்கூடக் காட்டவில்லை. பதில் எழுத நாளாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

ஆகஸ்டிலிருந்து என் வலது முட்டி சரியில்லை. ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்கிறார் டாக்டர். தினமும் பிரேக் மிதித்துக்கொண்டே இருந்தால் சீக்கிரமாகவே செய்ய வேண்டி வருமாம். மாலை வகுப்புகளைக் குறைத்தது வெயிலுக்காக இல்லை. இதைத் தம்பிக்குச் சொல்லக் கூடாது, நீயும் எனக்குச் சத்தியம் செய்துகொடு. உன் கடிதம் வந்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அவன் வந்துவிடுவான், நான் காலை நீட்டி உட்காரலாம் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

நான் கூப்பிட மாட்டேனம்மா. பொய்கூடச் சொல்ல வேண்டாம், முட்டியைப் பற்றி ஒரு வரி எழுதினால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான். வந்து கொஞ்ச நாள் நிம்மதியாகவும் இருப்பான். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து யாருக்காவது "பயப்படாதீங்க" என்று சொல்லும்போதெல்லாம் தான் ஃபெயிலானது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்துவான். அதை நான் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தனியாக இருந்து பழகியவள்தானே என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டுக்கு நீ வந்தது எங்கள் நல்ல காலம். இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும், சொன்னதில்லை.

அவனுக்கு ஓட்டத் தெரியாமல் இல்லை. அவன் ஓட்டியே பல வருடம் ஆகிறது. எங்கள் தொழில் அப்படி. நாள் முழுக்கக் காரில் இருப்போம், ஸ்டியரிங்கைத் தொட மாட்டோம். அடுத்தவர் தப்பைப் பார்த்துப் பார்த்து, நம் கை கால் என்ன செய்கிறது என்பதே மறந்துவிடும். இப்போது அவன் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும். நீ உட்கார். அவனாகக் கேட்க மாட்டான். உனக்குச் சொல்லிக்கொடுத்தபோது என்னவெல்லாம் திட்டினான், ஞாபகம் இருக்கிறதா? எல்லாவற்றையும் வட்டியோடு திருப்பிக் கொடு.

கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல். நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அண்ணி


ஜனவரி 4

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

ஸ்கூலில் உன் சீட்டுக்கு ஆள் போட்டுவிட்டேன். மருந்துக்கடைக்காரர் மகள், உன்னிடம் படித்தவள்தான். உன்னைப்போலவே திட்டுகிறாள், மாணவர்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆகையால் இங்கே உனக்கு இடம் காலி இல்லை. வந்தால் விருந்தாளியாக வா.

போன கடிதத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். பஸ் கம்பெனியில் வேலை என்றுதான் எழுதியிருக்கிறாய். ஓட்டுகிறாய் என்று நானாகச் சேர்த்துக்கொண்டு ஊரைக் கூட்டிவிட்டேன். அது என் அவசரம், உன் பேரில் தப்பில்லை. எந்த வேலையானாலும் நீ பார்ப்பது, எனக்கு அது போதும். படம் அனுப்ப வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் உடம்பு எப்படி? ஐந்து மாதமாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம், உட்கார்ந்து படி.

நான் டெஸ்டில் இரண்டு முறை ஃபெயிலானேன். டிப்போவில் பஸ் கழுவிக்கொண்டிருந்தேன். உன் சந்தோஷக் கடிதம் வந்தபோது நான் அங்கிருந்து குளிரில் வந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மறுத்து எழுத மனம் வரவில்லை. பிறகு, சீட்டுக்கு ஆள் போட்டுவிட்டேன் என்று எழுதினாய். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு உன்மேல் எனக்குக் கோபம். திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது என்று மனதுக்குள் வைத்திருந்தேன், அதையும் எடுத்துவிட்டாயே என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் கார் சாவியை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கெளம்புங்க."

"எங்க?"

"கிளாஸுக்கு. எனக்கு ஒரு ஸ்டூடண்ட் சேர்ந்திருக்காரு. கொஞ்சம் மண்டு, ஆனா நல்ல மாதிரி."

குட்டியைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் போனோம். முதல் திருப்பத்திலேயே ஆரம்பித்துவிட்டாள். "கழுத்துல சுளுக்கா? திரும்பிப் பாருங்க."

"கண்ணாடியில பாத்துட்டேன்."

"நீங்க பாத்தது டெஸ்ட் எடுக்கறவருக்குத் தெரிய வேணாமா?"

ரவுண்டானா வந்தது. இரண்டாம் டெஸ்டில் நான் உறைந்து நின்ற இடம் அது. அன்றும் நின்றேன். பின்னால் வண்டிகள் சேர்ந்தன. அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். வெளியே பார்த்தபடி சொன்னாள், "நிக்கட்டும். எப்ப போலாம்னு உங்களுக்குத் தோணுதோ அப்ப போங்க."

"நான் உனக்கு இவ்வளவு பொறுமையா சொல்லிக் குடுக்கலையே."

"இல்ல. அதனாலதான் பொறுமையா சொல்றேன்."

போனேன், அக்கா. சுற்றிக்கொண்டு வந்து மறுபடி அதே இடத்தில் போனேன். குட்டி தலை சுற்றுகிறது என்று சொல்லும்வரை போனேன். பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனோம். வாரம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கிவிட்டு வருபவள், ஒரு நாள்கூட "இன்னிக்கு வேணாம்" என்று சொல்லவில்லை. கற்றுக்கொடுப்பவன் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கற்றுக்கொடுப்பது என்றால் என்ன என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் பார்த்தேன்.

மார்ச்சில் பாஸானேன். டிப்போ மேலதிகாரியிடம் சொன்னேன். கழுவும் ஆட்களில் லைசென்ஸ் உள்ளவர்கள் டிரைவர் பயிற்சிக்கு எழுதிப் போடலாமாம். எங்கள் வண்டிகளைப் பற்றி என்ன தெரியும் என்று நேர்முகத்தில் கேட்டார்கள். "எந்த சீட்டுக்கு அடியில என்ன கிடக்கும்னு தெரியும்" என்றேன். சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரம் பயிற்சி ஆரம்பிக்கிறது.

இப்போது உன்மேல் கோபம் இல்லை. மருந்துக்கடைக்காரர் மகளைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


மே 6

அன்புத் தம்பிக்கு,

ஆசிகள். இங்கு சுகம்.

உன் கடிதத்தை உன் மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பஸ் கழுவிய இடம் வந்தபோது மெதுவாகப் படித்தேன். அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். வெளியே போய்விட்டு வந்து, "இத முதல்லயே எழுதியிருந்தா அதையும் ஊர்ல பெருமையாத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். சொல்லியிருப்பார்.

கோபம் எப்போது வேண்டுமானாலும் படலாம், அக்கா எதற்கு இருக்கிறேன். பெரிய வண்டி, வளைவில் அகலமாக எடு. சிஸ்டரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல், அவளுக்குப் புரியும்.

அக்கா


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இந்த முறை உன் உடம்பைப் பற்றி வழக்கம்போல விசாரிக்கப் போவதில்லை. ஏன் என்று கடைசியில் தெரியும்.

நேற்று முதல் முறையாகத் தனியாக பஸ் எடுத்தேன். பக்கத்தில் பயிற்சி கொடுப்பவர் இல்லை. மதியம்வரை ஒன்றும் தப்பு நடக்கவில்லை. சாயங்காலம் மருத்துவமனை நிறுத்தத்தில் ஏறியவர்களில் கடைசி ஆள் சிஸ்டர். வீடுகளுக்குப் போய்வந்த காரை அங்கேயே நிறுத்திவிட்டு, டூட்டி உடுப்பிலேயே வந்திருந்தாள். வண்டி ஓட்டுபவரிடம் பேசக் கூடாது என்று எனக்கு மேலே பலகை இருக்கிறது. அவளும் பேசவில்லை, டிக்கெட் எடுத்துக்கொண்டு நடுவில் போய் உட்கார்ந்தாள். கண்ணாடியில் தெரிந்தாள். ஜன்னலைப் பார்க்கவில்லை, என் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் தெரு நிறுத்தம் வந்தது. கதவைத் திறந்தேன். அவள் இறங்கவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு எழுந்து முன்னால் வந்தாள். குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறாளாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் சொன்னாள். உன் முட்டி. ஆபரேஷன். என்னைக் கூப்பிடச் சொல்லி அவள் உனக்கு எழுதியது. நீ கூப்பிட மாட்டேன் என்றது. நான் உன்மேல் கோபமாக இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை உன் பேச்சைக் கேட்டுத்தான் அவள் சாவியை எடுத்தாள் என்பது. உனக்குச் செய்த சத்தியத்தை மீறுகிறாளாம், நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறாளாம்.

காலி பஸ்ஸில் எஞ்சின் சத்தம் மட்டும் இருந்தது.

"இத்தனை நாள் சொல்லாம, ஏன் இப்ப சொல்ற?" என்று கேட்டேன்.

"அப்ப சொல்லியிருந்தா நீங்க போயிருப்பீங்க. இப்ப சொன்னா போயிட்டுத் திரும்பி வருவீங்க."

திரும்பும் நேரம் ஆகிவிட்டது. அவள் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். நான் வண்டியை எடுத்தேன்.

இன்று காலை லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டு எழுது. நீ கட்டிலில் இருக்கும் வரை ஸ்கூலை நானும் மருந்துக்கடைக்காரர் மகளும் பார்த்துக்கொள்கிறோம். என்னைக் கூப்பிட மாட்டாய் என்று தெரியும், அக்கா. கூப்பிட வேண்டாம். வருகிறேன்.

உன் தம்பி